குழாய் ரிப்பேர்

கியெமின் கைப்பேசியில் ‘குழாய் ரிப்பேர்’ என்ற பெயரில் ஒரு செய்தி வந்திருந்தது. “அண்ணே, நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு, ஏரிக்கரை ஆலமரத்தடி. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”

கணவர் கியெம் குளித்துவிட்டு வருவதற்குள் லோவான் அதை மூன்று முறை படித்துவிட்டாள். எந்தக் குழாய்க்காரன் விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் குழாய் ரிப்பேர் செய்கிறான்? ஹனோய் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒருவன் அகப்பட மாட்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா. விரல் பட்ட இடமெல்லாம் வலி, பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்தவளைப் போலக் களைப்பு. படுத்துப் படுத்தே பதினொரு கிலோ ஏறியிருந்தது. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு எந்த ஆண்தான் ஒழுங்காக இருப்பான் என்று அவளே அவருக்காக வாதாடிப் பார்த்தாள். வாதாட வாதாட இன்னும் எரிந்தது.

எடை ஏறினால் வலியும் ஏறும், கொஞ்சமாவது நடங்கள் என்று ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கெஞ்சாத குறைதான். “தூரம் முக்கியமில்லக்கா. களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடணும், அவ்வளவுதான்.”

“உனக்கென்னம்மா, கொக்கு மாதிரி இருக்க. சொல்லுவ” என்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்தவள் லோவான். அதன்பிறகு வாசல்படி தாண்டவில்லை.

மறுநாள் காலை கியெம் தலையைப் படிய வாரினார், ரப்பர் செருப்பை மாட்டினார், டப் டப்பென்று சந்தில் இறங்கினார். லோவான் முகக்கவசமும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். சந்து முனை சோயா பால் கடை வரைக்கும்தான் கால் ஒத்துழைத்தது. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி லோவான், அதிசயமா இருக்கு! யாரைத் துரத்துற?” என்றாள் கடைக்காரி.

“யாரையும் இல்ல. சும்மா காத்து வாங்க வந்தேன்.”

“உன் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாரு. அந்தப் பக்கம் காத்து நல்லா வீசுது போல!”

கடைக்காரியின் சிரிப்பு அவளை மறுநாளும் கிளப்பிவிட்டது. அடுத்த வாரம் தையல்கடை வரை போனாள். அதற்கடுத்த வாரம் கோயில் மதில் வரை. ஒரு காலத்தில் பின்னாலேயே ஓடினாலும் பிடிக்க முடியாத மனிதர் இப்போது அன்னநடை போட்டார். காதல் வந்தால் கால் தரையில் பாவாது என்பார்களே, இவருக்கென்ன ஊர்கிறது என்று லோவான் பல்லைக் கடித்தாள்.

அதிலும் பாதி வழியில் நின்று, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவார். ஒரு தடவையா, நாலு தடவை. அவர் குனிந்ததும் லோவான் சட்டென்று ஒதுங்கி, கிடைத்த படியில் உட்கார்ந்துகொள்வாள்.

நான்காவது வாரம் தூரத்தில் ஊதா நிறத் தொப்பி ஒன்று தெரிய, வெறி பிடித்தவளாய் விரைந்தாள். விளைவு, இரண்டு நாள் படுக்கை. அந்த இரண்டு நாளும் கியெம் வீட்டிலேயே இருந்தார்.

“என்ன, நடக்கப் போகலையா?”

“மழைம்மா.”

ஜன்னலுக்கு வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சிறுக்கிக்கு லீவு போலிருக்கிறது என்று லோவான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகை வந்தது. முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவரை, கட்டிலை விட்டு எழ முடியாததால் இழப்பதா?

ஏழாவது வாரம் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்த வேண்டியிருந்தது. பொறாமை மனுஷியை இப்படியா உருக்கும் என்று தன்மேலேயே இரக்கப்பட்டாள். அன்று அம்மா ஊருக்குப் போகப் பெட்டியும் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

சோயா பால் கடை, தையல்கடை, கோயில் மதில், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருவழியாக ஏரியே வந்துவிட்டது. கரையில் பெண்கள் விசிறி நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆலமரத்தடியில் ஊதாத் தொப்பி, கண்ணுக்குக் கீழே முகக்கவசம், ஒடிந்துவிடும் போல ஓர் இடுப்பு. கையில் ஏதோ நோட்டு. எதிரே கியெம் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

லோவான் மரத்தின் மறுபக்கம் வந்து ஒட்டி நின்றாள். ஏழு வாரமாகச் சேர்த்து வைத்த வசவுகள் நாக்கு நுனியில் துடித்தன. எதை முதலில் எடுப்பது என்று யோசித்தபோதுதான் அவள் பார்வை கணவரின் காலுக்குப் போனது.

ரப்பர் செருப்பு. அதில் ஏது கயிறு?

அதற்குள் அந்தப் பெண் நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தாள்.

“அண்ணே, அக்கா இன்னிக்கும் களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்தாங்கதானே?”