விழாவுக்குக் காத்திருந்த மலசலகூடம்

"ஏலாது எண்டா ஏலாதுதான் ஐயா. மேலிடத்து ஓடர்!"

புதுப் பஸ் நிலையத்தின் புது மலசலகூடத்துக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி ஸைனுலாப்தீன் போட்ட சத்தத்தில், புல்தரையில் படுத்திருந்த, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

பாக்கியரத்தினத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். ஈச்சிலம்பற்றிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கித் திருமலைக்கு வந்திறங்கியிருக்கிறார். பக்கத்தில் மனைவி சிவக்கொழுந்து, சீனி வருத்தக்காரி. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகவேண்டும். அதற்கு முதல் இங்கே போயாகவேண்டும். சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு கால் மாற்றிக் கால் நின்றாள்.

"கட்டி முடிச்சு அஞ்சு மாசம். இன்னும் ஏன் பூட்டிக் கிடக்கு?"

"கொழும்பிலிருந்து பெரியவர் வந்து ரிப்பன் வெட்டணும். திகதி குடுக்கல்ல."

நகரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று வந்தவர்கள் முதல் வேலையாகப் பழைய மலசலகூடத்தைத்தான் இடித்தார்கள். புதியது ரிப்பனுக்குக் காத்திருக்கிறது. புல்தரை, நீர்த்தாரை, பொலித்தீன் உரிக்காத இருக்கை வாங்குகள் எல்லாம் கயிறு கட்டிக் கிடக்கின்றன. மான்கள் மட்டும் திகதி பாராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டன.

"மனுசி அந்தரப்படுறா. உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"அதுக்கு நான் என்ன செய்ய? தள்ளி நில்லுங்க!" ஸைனுலாப்தீன் இன்னும் உரத்துக் கத்தினார்.

"விடுங்கோப்பா, சனம் பாக்குது" என்று சிவக்கொழுந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஹபாயா போட்ட பெண்ணொருத்தி ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தாள். ஸைனுலாப்தீனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கிண்ணியா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பாக்கியரத்தினம் கண்டுவிட்டார்.

"ஓ... அப்பிடியோ கதை! உங்கட ஆக்களெண்டாப் பின்வாசல் திறக்கும். எங்கட ஆக்களெண்டா மேலிடத்து ஓடர்!"

"மெல்லக் கதைங்க ஐயா..." ஸைனுலாப்தீனின் குரல் சட்டென்று இறங்கியது.

"இப்ப குரல் இறங்குது என்ன? பிடிபட்டிட்டீர்! நில்லும், வாறன்."

மனுசியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு விறுவிறென்று பஸ் நிலைய மாடியேறினார். அங்கேதான் திட்ட அலுவலகம். கண்ணாடிச் சன்னலோரம் பொறுப்பதிகாரி கதிரவேல் இருந்தார்.

"சேர், இது இனப் பாகுபாடு. எழுத்தில தாறன்!"

எழுத்து என்றால் பாக்கியரத்தினத்துக்குக் கேட்கவா வேண்டும்! 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு இன்னொரு தாள். பிரதி யார் யாருக்கு என்று கீழே நாலு பேர். அதில் ஒரு பத்திரிகை ஆசிரியரையும் கண்டதும் கதிரவேலுக்கு வேர்த்துவிட்டது. தேத்தண்ணி வருவித்துக் கொடுத்தார். "கை கால் கழுவுறதெண்டா அலுவலகத்து பாத்ரூம் இருக்கு, போங்கோ" என்றார். பாக்கியரத்தினம் போனார். சோக்கான பாத்ரூம். நியாயம் கேட்கிற மும்முரத்தில் மனுசியின் நினைப்பு அவருக்கு வரவேயில்லை.

அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். கதிரவேல் நேரே பின்பக்கம் போய், கூட்டித் துடைக்கிற ஆட்கள் போகும் கதவை ஒரு விரலால் தள்ளினார். திறந்துகொண்டது.

"இதென்ன, ஸைனுலாப்தீன்?"

ஸைனுலாப்தீன் ஓடி வந்து நின்றார்.

"விழாவுக்கு முதல் ஒருத்தரையும் விடவேண்டாமெண்டு சொன்னனானா இல்லையா?"

"சொன்னீங்க சேர்."

"எத்தினை பேரை விட்டனீர்?"

ஸைனுலாப்தீன் பாக்கியரத்தினத்தை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பிழைதான் சேர்" என்றார்.

"கதவுத் திறப்பைத் தாரும். நாளையிலயிருந்து வரத் தேவையில்லை."

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிண்ணியா பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். பின்கதவில் புதுப் பூட்டு விழுந்தது. கதிரவேல் இழுத்துப் பார்த்தார். பாக்கியரத்தினமும் தன் பங்குக்கு ஒருக்கால் இழுத்துப் பார்த்தார். நல்ல இறுக்கம்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே சேர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

கதிரவேல் மேலே போனதும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடையிலிருந்து சிவக்கொழுந்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. இரண்டு கையிலும் பிளேன்டீ.

"இந்தாங்கோ, இது உங்களுக்கு. மற்றது அந்தக் காவல்கார நானாவுக்கு. தங்கமான மனுசன்!"

"ஆர்? அவனோ?"

"ஓம். நீங்கள் மேல ஏறின கையோட, 'பின்பக்கத்தால போங்க அம்மா, கதவு சும்மா சாத்தித்தான் கிடக்கு' எண்டவர். மேல கண்ணாடிக்குள்ளால அதிகாரி பாத்துக்கொண்டிருக்கிறாராம். அதுதான் முன்னுக்கு நிண்டு எல்லாரிலயும் பாயிறவராம். ஐயாட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னவர்."

பாக்கியரத்தினம் நீட்டின பிளேன்டீயை வாங்கிக்கொண்டார்.

"உள்ளுக்கை எங்கட ஆக்களில ஒரு சாம்பல்தீவுப் பிள்ளை நிண்டது, வயித்தில ஏழு மாசம். கிளினிக்குக்கு வாற நேரமெல்லாம் அவர்தான் விடுறவராம். ஆம்பிளையள் மதிலைக் கண்டா நிண்டிடுவினம், பொம்பிளையள் எங்க போறது எண்டு கேட்டாராம். நாசமாப் போன இந்த ஊரில அதை யோசிக்கிறதுக்கும் ஒரு ஆள் இருக்கே!"

சொல்லிக்கொண்டே சிவக்கொழுந்து வெறும் கதிரையைப் பார்த்தாள்.

"எங்கை அவர்? கிளினிக் முடிஞ்சு திரும்பேக்கையும் வந்து போகச் சொன்னவர்."