கேட் சாத்தும் சத்தம்

பாதைக்குக் குறுக்கே இருந்த பண்ணைக் கேட்டைத் தாண்டி வேனை நிறுத்தினேன். கிளைவ் பின்னால் அதைச் சாத்திக்கொண்டிருந்தான்.

ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. கூட வருகிறவர்தான் இறங்கி, திறந்து, வண்டி தாண்டியதும் சாத்திவிட்டு ஏற வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத நாளிலும் அப்படித்தான். திறந்து போட்டுவிட்டுப் போனால் ஆடுகள் வெளியேறிவிடும், பண்ணைக்காரர் எங்கள் தோலை உரித்துவிடுவார்.

காலையிலிருந்து அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. வேனின் பின்பக்கம் மெத்தையில் கிடந்தான். நடுவே கேமராப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கேட்டைச் சாத்திவிட்டு அவன் ஏறியதும் பின்கதவு 'டம்' என்று கேட்கும். நான் கிளம்புவேன். இன்று எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மண்பாதையில் நான் ஓட்டினால் வழக்கமாக ஒரு கேலி வரும். "அம்மா தாயே, ஆட்டு மந்தைகூட நம்மள முந்திடும்." இன்று அதுவும் வரவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் அடிலெய்டில் அவன் இசை அரங்கேறுகிறது. இந்த வறண்ட பூமியைக் கேட்டுக் கேட்டு அவன் எழுதிய நாற்பது நிமிடங்கள். பின்னால் திரையில் என் படங்கள் ஓட வேண்டும். மற்ற பகுதிகளுக்குப் போன வருடமே எடுத்துவிட்டேன். உப்பு ஏரிப் பகுதி ஒன்றுதான் பாக்கி.

அதற்காகப் பத்து நாளாக அலைகிறோம். எந்த இடத்திலும் எனக்குப் பத்து நிமிடம் கால் தரிக்கவில்லை. இறங்குவேன், பார்ப்பேன், இது இல்லை என்பேன், ஏறுவேன். வேனில் அந்த இசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எனக்கே அலுத்துவிட்டது.

"பத்து நாளாச்சு ரோ. ஒரு படம்கூடவா தேறல?" காலையில் ரொட்டிக்கு வெஜிமைட் தடவிக்கொண்டே கேட்டான்.

"உன் மியூசிக்ல பார்க்கறதுக்கு ஏதாவது இருந்தா எடுக்க மாட்டேனா?"

கத்தியைக் கீழே வைத்தான். நாளைக்கு ஊர் வந்ததும் ரயில் ஏறிவிடுவதாகவும், கச்சேரியே வேண்டாம் என்று எழுதிப்போடப் போவதாகவும் சொன்னான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் கத்திப் பார்த்திருக்கிறேன். அவனுக்குக் குரல் நடுங்கிப் பார்த்ததில்லை. 

பின்னாலிருந்து 'டம்' என்று கேட்டது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். புழுதிதான். கிளம்பினேன்.

ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு, ஓடிக்கொண்டிருந்த அவன் இசையை நிறுத்தினேன்.

"கிளைவ், தூங்கலையே? தூங்கினாலும் பரவாயில்ல, கேளு. காலையில நான் சொன்னது அநியாயம். உன் மியூசிக்ல ஒரு குறையும் இல்ல. அந்த ரெண்டாவது பகுதியைக் கேட்டு நான் அழுதிருக்கேன், உனக்குத் தெரியாது. குறை என்கிட்டதான். என்னன்னு சொல்றேன். அடுத்த கேட்ல நீ முன்னாடி வந்து உக்காரு. இத முதுகைக் காட்டிக்கிட்டுச் சொல்ல முடியாது."

அவன் பதில் பேசவில்லை. மறுக்கவும் இல்லையே என்று தேற்றிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போய் மன்னிப்பும் கேட்டேன்; அந்த வார்த்தையை இன்றுதான் முதல்முறையாக அவனிடம் சொன்னேன். ஒருமுறை வந்ததும் நாக்குக்குப் பழகிவிட்டது. அடுத்த பதினெட்டு கிலோமீட்டரில் மூன்று தடவை கேட்டேன்.

அடுத்த கேட் வந்தது. அந்தப் பக்கம் வெள்ளையாக ஏரி விரிந்து கிடந்தது. அவன் உப்பு ஏரிப் பகுதியை எழுதிய இடமே அதுதான். வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அரை மணி நேரத்துக்குள் எடுத்தால் உண்டு.

காத்திருந்தேன். அவன் இறங்கவில்லை.

ஹாரன் அடித்தேன். இன்னொரு தடவை, நீளமாக அடித்தேன்.

"இவ்வளவு சொன்னேனே, இன்னும் என்ன வீம்பு?" என்று கத்திக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

மெத்தை காலியாக இருந்தது.

முந்தின கேட்டில் நான் கேட்ட 'டம்' வேன் கதவு இல்லை. இரும்புக் கேட் கம்பத்தில் மோதிய சத்தம்.

ஏரியைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினேன். இந்த வெயிலில், தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் அவனை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன். சொன்னதையெல்லாம் இனி மறுபடி சொல்ல வேண்டும்.

அவன் கேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "தண்ணி" என்ற குரல் காய்ந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்து முடித்துத்தான் எழுந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு ஓடி வந்தேன் ரோ. நீ கண்ணாடில என்னை நேராப் பார்த்த. பார்த்துட்டுத்தான் போன."

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம், புழுதி என்றும் சொல்லியிருக்கலாம். மார்ச் மாதத்திலிருந்து சொல்லிச் சொல்லி இரண்டுமே எனக்கு மனப்பாடம்.

"பார்த்தேன்," என்றேன். "நீ தெரியல."

அவனுக்குப் புரியவில்லை.

"ஓரத்துல இருக்கறதெல்லாம் தெரியுது கிளைவ். எதை நேராப் பார்க்கறேனோ அது மட்டும் தெரியல. ரெண்டு கண்ணுலயும். இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

 அவன் என் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். எனக்கு எதிரே நின்றிருந்தவன் மெல்ல நகர்ந்து, இரண்டடி பக்கவாட்டில் போய் நின்றான்.

"இப்போ தெரியறேனா?" என்றான்.