கோட்டைக் கழித்த எடை

"போன மாசம் இருந்த கல்லு இப்ப எங்க போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?"

முள் சார் போட்ட சத்தத்தில் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. மாற்றுக்கென்று வைத்திருக்கும் எடைக்கல் பெட்டியில் மூன்று குழிகள் காலி. இரண்டு கிலோ, அரைக் கிலோ, இருநூறு கிராம்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. யார் பக்கமும் சாயாத மனிதர் என்று 'தராசு முள்' எனப் பட்டம் கொடுத்து, பிறகு 'முள்' என்று சுருக்கிவிட்டார்கள். பெயருக்கு ஏற்றபடி குத்தவும் செய்வார்.

"உங்க பெட்டியை நாங்க எதுக்கு சார் தொடப்போறோம்?" என்றார் பக்கத்து மேசை மீசைக்காரர்.

"நான் யாரையும் சொல்லலையே. உங்களுக்கு ஏன் குறுகுறுக்குது?"

காணாமல் போனவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதியைத் திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம். பதினோரு மணிக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். மாற்றுக்கல் பெட்டி, தராசுகளைச் சோதிக்கும் முத்திரைக் கற்கள் பெட்டி இரண்டையும் வழக்கம்போலக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார்.

மனைவி கம்பளிக் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நோய் வந்ததிலிருந்து அவளுக்கு வெயிலிலும் குளிர்தான். வீட்டுக்குள்ளேயும் அந்தக் கோட்டைக் கழற்றுவதில்லை.

"எடை மட்டும் குறையாம பாத்துக்கோங்க. குறைஞ்சா இந்த மருந்தை உடம்பு தாங்காது, நிறுத்திடணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தை நிறுத்தினால் வேறு மருந்து கிடையாது. அதை டாக்டர் சொல்லவில்லை. இருவருக்கும் புரிந்துவிட்டது.

எடை பார்ப்பதை இவரிடமா சொல்லவேண்டும்? நல்ல மிஷினாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தானே சோதித்து வீட்டில் வைத்தார். கோட்டைத் தனியாக ஒருமுறை நிறுத்து, ஒரு கிலோ முந்நூறு என்று சுவரில் குறித்துக்கொண்டார். ஞாயிறுதோறும் அவளைக் கோட்டோடு நிற்கவைத்து, ஒன்று புள்ளி மூன்றைக் கழித்து நோட்டில் எழுதுவார்.

முதல் ஞாயிறு அரைக் கிலோ குறைந்தது. அன்றைக்குப் போட்ட சாப்பாட்டை அளைந்துவிட்டு அப்படியே எழுந்துபோனார். மறுநாளும் தட்டை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நல்லவேளை, அதற்குப் பிறகு எடை நின்றுவிட்டது. ஆறு ஞாயிறும் நாற்பத்தாறு புள்ளி இரண்டு. இம்மி பிசகவில்லை. மனிதர் மறுபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோட்டைக் கழற்றச் சொன்னாள்.

"இருக்கட்டும்மா, குளிருது" என்று மனைவி தயங்கினாள்.

"ஒரு நிமிஷம்தாம்மா." நர்ஸ் திரும்பி அட்டையை எடுப்பதற்குள், மனைவி தானே கழற்றி நாற்காலியில் மெதுவாக வைத்தாள். தராசில் ஏறி நின்றாள்.

நாற்பத்து மூன்று புள்ளி ஐந்து.

"உங்க மிஷின் தப்பு" என்றார் முள் சார்.

நர்ஸ் இன்னொரு தரம் ஏற்றினாள், அதற்கும் மேலே ஒரு தரம். மூன்று முறையும் அதே எண்.

"ஒரே எண்ணு திரும்பத் திரும்ப வந்தா அது துல்லியம், அவ்வளவுதான். அது நெஜ எடையா இருந்தாத்தான் சரி. ரெண்டும் வேற வேறம்மா. உங்க மிஷின் துல்லியமா தப்பைக் காட்டுது. என் நோட்டைப் பாருங்க, ஆறு வாரமும் நாப்பத்தாறு புள்ளி ரெண்டு!" என்று முள் சார் நோட்டை நீட்டினார்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். "ஆறு வாரமும் ஒரே எண்ணா? யாரோட உடம்பும் அப்படி நிக்காதே சார்."

முள் சாருக்குச் சுருக்கென்றது. காருக்கு ஓடி முத்திரைக் கற்களைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். பத்துக் கிலோ வைத்தார், பத்து. இருபது வைத்தார், இருபது. முப்பது வருஷத் தொழிலில் ஒரு தராசு தப்பாக இருக்கவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தராசு சரியாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கப் பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்தார். நாற்பத்தாறு இரண்டில் நாற்பத்து மூன்று ஐந்து போனால், மிச்சம் இரண்டு புள்ளி ஏழு. அதற்கு மேலே, காலையில் அவரே எழுதிய வரி இருந்தது. இரண்டு கிலோ, அரைக் கிலோ, இருநூறு கிராம்.

அவர் பேனா நின்றது.

மெல்லப் போய் நாற்காலியில் கிடந்த கோட்டைத் தூக்கினார். தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற கை அது. உள்பக்கத்தில் புதிதாக ஒரு பை தைத்திருந்தது. பைக்குள், எடை குறையக் குறைய ஒவ்வொன்றாகச் சேர்ந்த அவருடைய மூன்று கற்கள், சத்தம் போடாமல் இருக்கத் துணி சுற்றிக் கிடந்தன.

கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். கண் நிறைந்து எதிரில் எதுவும் தெரியவில்லை.

"ஏம்மா... ஏன் இப்படிப் பண்ணே?"

அவள் தராசை விட்டு இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடை குறைஞ்சப்போ ரெண்டு நாளு நீங்க சாப்பிடலையேங்க."