நடு நாற்காலி

டோக்கியோவில் இசோகாயின் அறை சிறியது; ஆறு பாய் விரித்தால் நிறைந்துவிடும். அதற்கேற்ற ஸ்பீக்கர் பார்க்க, கடைக்காரர் குராத்தா சிறிதாக ஒரு ஜோடியும் பெரிதாக ஒரு ஜோடியும் கொண்டுவந்திருந்தார்.

நடு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாட்டு சரியாகக் கேட்கும். அது மனைவி ஃபுமியேயின் இடம். "உங்க காதுக்கு ஓரமே ஜாஸ்தி" என்பாள். அவள் இறந்துபோன பிறகும் இசோகாய் ஓரத்தில்தான் உட்கார்ந்தார்.

குராத்தா கை தட்டி எதிரொலியைக் கவனித்தார்.

"நடுவுல ஏதோ சத்தத்த உறிஞ்சுது, இசோகாய்-சான். ஆள் உக்காந்திருந்தா உறிஞ்சுமே, அந்த மாதிரி. நாற்காலிய எடுத்துட்டுப் பாப்பமா?"

எடுத்து வெளியே வைத்தார்கள். குராத்தா குனிந்து தட்டினார், பிறகு நிமிர்ந்து தட்டினார்.

"வேடிக்கையா இருக்கே. இப்ப கீழ உறிஞ்சல. மேல, நம்ம தோள் உயரத்துல உறிஞ்சுது."

இசோகாய் ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கிவந்து அதே இடத்தில் போட்டார்.

"அவளுக்கு முட்டி வலி. ரொம்ப நேரம் நிக்க மாட்டா," என்றார். "சின்னதையே வைங்க. அதிர்ந்தா அவளுக்குப் பிடிக்காது."

குராத்தா நாற்காலியைப் பார்த்துத் தலை வணங்கினார். பிறகு சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் மெல்ல அதன் பக்கம் திருப்பி வைத்தார்.