வரவேற்பறைப் பூஞ்சை

“அதுல பிளீச் எல்லாம் ஊத்திடாதீங்கம்மா. செடியும் சேர்ந்து செத்துடும்.”

பாட்டிலும் கையுமாகக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்ற ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். தடித்த குளிர்கோட்டும் காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். அவருடைய பூட்ஸிலிருந்த பனி கால்மிதியில் கரைந்துகொண்டிருந்தது.

“அப்பாடா, வந்துட்டீங்களா? உங்க கடைக்கு மூணு தடவை போன் பண்ணிட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளறையில் பல் குடையும் இயந்திரம் கீச்சென்றது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு தொட்டியருகே குனிந்தார்.

“இதை வெச்சு எத்தனை நாள் ஆச்சு?”

“பன்னெண்டு நாள்.”

அது பாலுடேரியம். பாதி தண்ணீர், பாதி நிலம். பாசியும் பெரணியும் நட்டு, நடுவில் வளைந்த மரக்கட்டை ஒன்றைச் சாய்த்திருந்தார்கள். கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள அந்தப் பல் மருத்துவமனை வரவேற்பில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் ரோஸ்லினின் யோசனை அது. அதில் விடுவதற்குத் தவளைகள் வர வேண்டிய நேரத்தில் கட்டை முழுக்க வெள்ளைப் பஞ்சு பூத்துவிட்டது.

“காத்திருக்கறவங்க பார்க்க சுவத்தைத் தவிர வேற ஏதாவது இருக்கட்டுமேன்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்க வெச்சேன். இப்ப டாக்டர் கோவல், ‘வாயைச் சுத்தமா வெச்சுக்கோங்கன்னு சொல்ற இடத்துல பூஞ்சை வளர்க்கறியா?’ன்னு கேக்கறாங்க. இந்த மாசத்துக்குள்ள போகலைன்னா தொட்டியைத் தூக்கிடுவாங்க.”

“புதுக் கட்டைன்னா வரத்தான்மா செய்யும். மரத்துல இருக்கற சத்து தீர்ற வரைக்கும் இருந்துட்டுப் போயிடும். பதினஞ்சு வருஷமா இதோட மாரடிக்கறேன். தண்ணி எத்தனை தடவை தெளிக்கறீங்க?”

“மூணு தடவை.”

“ஒரு தடவை போதும். மூடியைக் கொஞ்சம் திறந்து வைங்க, காத்து போகட்டும். பழைய பிரஷ் ஏதாவது இருக்கா?”

“பிரஷ்ஷா? இங்க வந்தா கேக்கறீங்க?”

ரோஸ்லின் இழுப்பறையைத் திறந்தாள். வருகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிற பல் துலக்கிகள் நூறாவது இருக்கும். அவர் பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்து, கட்டையை இண்டு இடுக்கு விடாமல் தேய்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. “அடுத்த செவ்வாய் வர்றேன்” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். அதிலிருந்த கரித்தூளில் கடுகைவிடப் பொடியாக வெள்ளைப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றைக் கட்டையின் மேல் தட்டிவிட்டபோது டாக்டர் கோவல் முகக்கவசத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“என்ன ரோஸ்லின், பூஞ்சை பத்தாதுன்னு பூச்சி வேறயா?”

“பூஞ்சைதான் டாக்டர் இதுங்களுக்குச் சாப்பாடு.” டாக்டர் பக்கம் திரும்பாமல், கட்டையைப் பார்த்தே சொன்னார் அவர்.

“இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன். அதுக்கு மேல கிடையாது.”

அந்த வாரம் முழுக்க ரோஸ்லின் கோட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் தொட்டியைத்தான் போய்ப் பார்த்தாள். வியாழனன்று பஞ்சு பாதியாகியிருந்தது. திங்களன்று ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது கட்டை பழுப்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தது. டாக்டர் கோவல் குனிந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

“பரவாயில்லையே. தவளைக்குச் சொல்லிடு ரோஸ்லின்.”

ரோஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மட்டும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. துலக்க ஒன்றுமில்லாத கட்டையையே வெறித்தபடி நின்றார்.

அப்போது தொலைபேசி அடித்தது. தொட்டி பொருத்திய கடையிலிருந்து. “மன்னிச்சிடுங்க மேடம், எங்க ஆள் லீவுல போயிட்டார். ஒருத்தரையும் அனுப்ப முடியல. நாளைக்குக் கண்டிப்பா வந்து பார்ப்பார்.”

ரோஸ்லின் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அப்போ நீங்க யாரு சார்?”

அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“பேரு வில்மர் டூக். வீட்டுல நானும் இதே மாதிரி ஒரு தொட்டி வெச்சிருக்கேன். கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கலாம்னு மூணு செவ்வாய்க்கிழமையா வர்றேன்மா. இன்னையோட பூஞ்சையும் தீர்ந்துபோச்சு, சாக்குச் சொல்ல இனிமே ஒண்ணும் இல்ல.”