ஹிலாலின் அத்தர்

"இப்போ வருதா?" என்று கேட்டாள் ஜுவைனா.

ராயா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். அது இறந்துபோன ஹிலாலின் அறை. யாரும் படுக்காத கட்டில், மடித்து வைத்த தொழுகை விரிப்பு, சுவரோரம் மூடியிருந்த மர அலமாரி. பக்கத்துப் பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு இப்போதுதான் முடிந்திருந்தது.

"வருது," என்றாள் ராயா.

ஜுவைனா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "கேட்டியா ஷம்ஸா? எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல."

மூன்று மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒருவரும் காது கொடுக்கவில்லை. தினமும் இந்த நேரத்துக்குக் கணவரின் அத்தர் மணக்கிறது, அவர் வந்துபோகிறார் என்றாள். கணவனை இழந்தவள் இருக்கிற துக்க காலமான இத்தா முடிந்த மறுநாளே வீட்டைப் பூட்டிவிட்டு அவளை ஓதிப் பார்க்கிறவரிடம் கூட்டிப்போவது என்று அவள் தம்பி முடிவே செய்துவிட்டான்.

கடைசியில் ஹிலாலின் தங்கை ஷம்ஸாதான், அந்த அத்தரைக் கலந்தவளையே கூட்டிவந்து கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள். "இவளைப் பிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு அண்ணி. மத்ரா கடைவீதிக்குப் போனா கடை பூட்டியிருக்கு. வீடு தேடிப் போய் இழுத்துட்டு வந்தேன். வியாபாரம் பண்றவ இப்படியா வீட்டுல உட்கார்ந்திருப்பா?"

மத்ராவில் ராயாவுக்கு நல்ல பெயர். வருகிற ஆளை நாலு வார்த்தை பேசவிட்டு, சுபாவம் பார்த்துத்தான் அத்தர் கலப்பாள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குத் தன்மேல் ஒரு சொட்டு வாசனைகூட இல்லாமல் வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் வித்துட்டியா, உனக்குன்னு ஒரு சொட்டு வெச்சுக்கலையா?" என்று வாசலிலேயே ஷம்ஸா சீண்டியிருந்தாள். "மோந்து பாக்க வர்றவ பூசிட்டா வருவா?" என்று ஜுவைனாதான் சமாதானம் சொன்னாள்.

இப்போது ஜுவைனாவே நிமிர்ந்து கேட்டாள். "இதே அத்தர் வேற யாருக்காவது குடுத்திருக்கியா?"

"இல்லக்கா. அவருக்கு மட்டும்தான்."

"அவரை என்னன்னு நினைச்சுக் கலந்தே?"

ராயா கொஞ்சம் தயங்கினாள். "முதல்ல குங்குமப்பூவும் ரோஜாவும் வரும். கலகலன்னு பேசற ஆளுன்னு தோணும். அப்புறம் சந்தனம். அகில் வர்றதுக்கு ரெண்டு மணி நேரமாவது ஆகும். மனசுல இருக்கறதைச் சுலபத்துல வெளிய விடாதவங்களுக்குத்தான் அப்படிக் கலப்பேன்."

"எங்கண்ணனா?" ஷம்ஸா சிரித்துவிட்டாள். "நீ ஆளை மாத்திப் பார்த்திருக்கே. அவர் வயித்துல ஒரு விஷயம் தங்காது. மீன் வாங்கினா தெரு முழுக்க விலையைச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவார்."

ராயா அலமாரியைத் திறந்தாள். வரிசையாக ஹிலாலின் வெள்ளை அங்கிகள். அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும்போல அவரும் கழுத்தோரத்துக் குஞ்சத்தை அத்தரில் நனைத்துக்கொள்கிறவர். ராயா எதையும் தொடாமல் குனிந்து, ஒவ்வொரு குஞ்சமாக மோந்து பார்த்தாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சுவர் கொதித்தது.

"சாயங்கால வெயில் நேரா இந்தச் சுவத்துல விழுது. அவர் போனப்புறம் இந்த ரூம்ல ஏசியும் போடறதில்ல போல. அலமாரி சூடானதும் குஞ்சத்துல ஊறியிருக்கற அகில் கிளம்புது. வாசனை நிஜம்தான்க்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. தம்பிக்கிட்ட நானே சொல்றேன்."

"அப்போ அவர் வரலையா?"

"வரல," என்றபோது ராயாவின் குரல் உடைந்தது.

ஜுவைனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பைத்தியம் என்று ஊர் சொன்னாலும் பரவாயில்லை, அவர் வந்தால் போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள். அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ராயாவும் அழுதாள். வியாபாரத்துக்கு வந்த இடத்தில் இவளுக்கென்ன இவ்வளவு அழுகை என்று ஷம்ஸாவுக்குச் சங்கடமாகிவிட்டது. கஹ்வா காப்பியும் பேரீச்சையும் எடுத்துவைத்து இருவரையும் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

ராயா ஒரு வாய் கஹ்வா குடித்துவிட்டு எழுந்தாள். விருந்தாளியைத் தூபம் காட்டாமல் அனுப்புகிற வழக்கம் அங்கே எந்த வீட்டிலும் கிடையாது. ஷம்ஸா கனலில் அகில் துண்டைப் போட்டுத் தூபக்காலை ஏந்திவந்தாள்.

புகை வந்ததும் ஜுவைனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் ஆகி இத்தா முடியும்வரை மனைவிமேல் வாசனை படக்கூடாது. ராயாவும் விலகிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அண்ணிக்குத்தான் ஆகாது, நீ எங்க ஓடறே? வா, முக்காட்டை விரிச்சுக் காட்டு."

"எனக்கு வேண்டாம்."

"ஏன், எங்க வீட்டு அகில் உன் மூக்குக்கு மட்டமா?"

"அதெல்லாம் இல்ல. நானும் இத்தாலதான் இருக்கேன்."

ஷம்ஸா தூபக்காலைக் கீழே வைத்தாள். துக்கத்தில் வீட்டுக்குள் இருந்தவளை இழுத்துக்கொண்டும் வந்து, வழியெல்லாம் கேலியும் பேசியிருக்கிறோமே என்று குன்றிப்போனாள்.

"அல்லாவே, எனக்குத் தெரியாதேம்மா. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. எதுக்குக் கிளம்பி வந்தே?"

ராயா ஜுவைனாவின் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவர் இங்கயாவது வர்றாரான்னு பாக்கத்தான்."