எறும்பு முந்திக்கொள்ளும்

“ரத்தப் பரிசோதனை முடிவு எப்ப வரும், டாக்டர்?” “அடுத்த படகுல வந்துடும், சிஸ்டர்.” போன வருடப் பேச்சு நர்ஸ் ஜெனிட்டாவுக்கு மறக்கவில்லை. வந்தது ஆறு வாரம் கழித்து. இன்றும் மலைட்டாத் தீவின் அந்தச் சிறிய மருத்துவ அறையில் மேசைக் கால்கள் நான்கும் தண்ணீர் டின்களில் நிற்கின்றன; இல்லாவிட்டால் ஸ்லைடில் தடவிய ரத்தத்தை எறும்பு தின்றுவிடும். பெஞ்சில் ஒரு குழந்தை காய்ச்சலில் முனகுகிறது. வெளியே படகு உறுமுகிறது. போன வருடம் போலவே மலேரியா ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் கெமுவேல் நுண்ணோக்கியைப் பெட்டியில் வைக்கிறார். “மீதி ஸ்லைடை டவுன்ல பாத்துக்கலாம், சிஸ்டர்.” “உங்க டவுன் ஆளுங்களைவிட எங்க எறும்பு சீக்கிரம் பாத்துடும், டாக்டர்!” அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை, பெட்டியின் மேல் கையை ஊன்றுகிறாள். “நான் மலேரியாக் கிருமியைப் பாக்கப் படிச்சு மூணு வருஷமாச்சு. மைக்ராஸ்கோப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்க.”